பத்து மாதமும் நிறையட்டும்!

"ஏன்டி, ஏழு மாசத்துல பொறந்தவளா நீ? என்னா இவ்ளோ அவசரம்?"

எங்கள் திருமானூர் பக்கம் யாராவது எதற்காவது பரபரவென்று பறந்தால் இப்படிக் கேட்பது வழக்கம். கேட்பவர் சிரிப்பார், கேட்கப்பட்டவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் இருபத்தெட்டு வருஷமாக அந்த வார்த்தையைக் கேட்டால் சிரிப்பு வருவதில்லை, சகோதரிகளே.

1997-ல் எனக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஆறரை மாசம். காலையில் இடுப்பு லேசாக வலித்தது. "வாய்வாக இருக்கும், பெருங்காயம் கரைச்சுக் குடி" என்றார்கள். குடித்தேன். மத்தியானம் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் பனிக்குடம் உடைந்துவிட்டது. அம்பாசடர் கார் பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பாதிப் பிரசவம் ஆகிவிட்டது. உள்ளங்கை அகலமே இருந்த அந்தக் குழந்தை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மூச்சு விட்டது. அவ்வளவுதான்.

"மாசம் குறைஞ்ச புள்ள தங்காது. அடுத்தது நல்லா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது ஏதோ என் தலையெழுத்து என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து மகன் பிறந்தான், நிறைமாசத்தில். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தப் பேச்சைப் போன வருஷம் மறுபடியும் எடுக்க வேண்டி வந்தது. என் மருமகளுக்காக. அவளிடம் அனுமதி கேட்டுக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க அத்தை, நாலு பேருக்குப் பிரயோசனமா இருக்கும்" என்றாள்.

நான் சொன்ன பொய்

போன வருஷம் ஆடி மாசம் மருமகளுக்கு நாள் தள்ளி இரண்டரை மாசம் ஆகியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பதிவு செய்ய அழைத்துப் போனேன். நர்ஸம்மா அட்டையை எடுத்து வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்.

"இது எத்தனையாவது?"

"முதல்தாங்க" என்றேன் நான், அவளை முந்திக் கொண்டு.

"முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா?"

"இல்லீங்க."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நான் சொன்னது பொய். அதற்கு முந்தைய வருஷம் சித்திரையில் அவளுக்கு ஐந்தரை மாசத்தில் ஒன்று போய்விட்டது. வலி என்று பெரிதாகக் கூட இல்லை. அடிவயிறு கனக்கிற மாதிரி இருக்கிறது என்றாள், கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்கு, "மூணு மாசத்துல கலைஞ்சு போச்சு" என்று சொல்லி வைத்திருந்தோம். முதல் பிள்ளை தங்கவில்லை என்றால் பெண்ணைத்தானே குறை சொல்வார்கள்? கண் படும், வாய் படும் என்று நானும் சம்பந்தியம்மாவும் பேசி முடிவு செய்த ஏற்பாடு அது. அவள் நல்லதுக்காகத்தான் மறைத்தோம் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் கதையையும் யாரிடமும் சொல்லவில்லை, இவள் கதையையும் மறைக்கிறேனே, எதற்காக என்று மனசு கேட்டது. பொழுது விடிந்ததும் வாசலில் கோலம் போட்ட கையோடு, கிளம்பிப் போய் நர்ஸம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். திட்டுவார்கள் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. உள்ளே டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தை இது: "அஞ்சரை மாசத்துல வலியில்லாம போச்சுன்னு நீங்க சொன்னது ஒரு ஸ்கேனுக்குச் சமம்மா. இதைச் சொல்லாம இருந்திருந்தா நான் சும்மா சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிச்சிருப்பேன்."

என் சொந்தக் கதையையும் சொன்னேன். "உங்களுக்கு வந்தது மருமகளுக்கு வரணும்னு ஒண்ணும் இல்லை. ரெண்டு பேரும் வேற வேற வயிறு. ஆனா அவளுக்கே முன்னாடி நடந்திருக்கு பாருங்க, அதுதான் முக்கியம்" என்றார்.

மாசக் கணக்கும் வாரக் கணக்கும்

பத்து மாசம் சுமந்து பெற்றேன் என்று நாம் சொல்வது சரியான கணக்குத்தான். கடைசியாகக் குளித்த முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம். நாலு வாரத்தை ஒரு மாசமாக வைத்தால் பத்து மாசம். 37 வாரம் நிறைவதற்கு முன்னால் பிறந்தால் அது குறைமாதப் பிரசவம். 32 வாரத்துக்கு முன்னால் என்றால் ரொம்பவும் குறைந்தது. 28 வாரத்துக்கும் முன்னால் என்றால் மிகமிகக் குறைந்தது.

நம் வீட்டுப் பெரியவர்கள், "ஏழாம் மாசம் பொறந்தா பிழைக்கும், எட்டாம் மாசம் பொறந்தா பிழைக்காது" என்பார்கள். இது முழுக்கத் தவறு. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடக் கூட குழந்தையின் நுரையீரலும் மூளையும் குடலும் பலப்படுகின்றன. எட்டாம் மாசக் குழந்தைக்கு ஏழாம் மாசக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். எட்டாம் மாசம் வலி வந்தால், "இனி என்ன செய்து என்ன" என்று கை விட்டுவிடக் கூடாது.

2020-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் மாசம் நிறையாமல் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பத்தில் ஒரு குழந்தை! அதில் சுமார் 30 லட்சம் நம் நாட்டில். எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். எந்தப் பெருமைக்கும் உரிய முதலிடமில்லை இது. இத்தனை வீடுகளில் என்னைப் போல எத்தனை பேர் வாயை மூடிக் கொண்டு இருக்கிறார்களோ என்றுதான் தோன்றியது.

சுருக்குப்பை மாதிரி

"கருப்பை ஒரு சுருக்குப்பை மாதிரின்னு வெச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. என் மாமியார் இடுப்பில் சொருகியிருந்த வெற்றிலைச் சுருக்குப்பை கண் முன் வந்தது. பையின் வாய் இறுக்கமாக இருக்கும் வரையில் உள்ளே இருப்பது பத்திரம். கயிறு தளர்ந்தால் பாக்கு ஒவ்வொன்றாக வெளியே விழும்.

கருப்பைக்கும் கீழ்ப் பக்கம் ஒரு கழுத்து உண்டு. அதைக் கருப்பை வாய் என்கிறார்கள். கர்ப்பத்தின் நடுவில் அதன் நீளம் பொதுவாக 35, 40 மில்லிமீட்டர் இருக்கும். நிறைமாசத்தில்தான் அது மெல்ல மெலிந்து, குறுகி, திறக்க வேண்டும். சிலருக்கு அது ஐந்தாம் மாசத்திலேயே, வலி எதுவும் காட்டாமல், உள் பக்கத்திலிருந்து குறுக ஆரம்பித்துவிடுகிறது. வெளியே பார்த்தால் வயிறு நன்றாக இருக்கும், பிள்ளை நன்றாகத் துள்ளும், தாய் நன்றாகச் சாப்பிடுவாள். ஒன்றும் தெரியாது. ஸ்கேனில்தான் தெரியும்.

18 முதல் 24 வாரத்துக்குள் அளந்து பார்க்கும்போது அந்த நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், கவனம் தேவை என்று அர்த்தம். நம் பழைய கணக்கில் ஒரு அங்குலம். முன்பே குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16-ஆம் வாரத்திலிருந்தே அளக்க ஆரம்பிக்கிறார்கள். உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2015-ல், ஐந்தாம் மாச ஸ்கேன் சமயத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்குமே இந்த அளவைப் பார்ப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறது. நம் ஊர்களில் எல்லா இடத்திலும் தானாகப் பார்க்க மாட்டார்கள். ஐந்தாம் மாசம் ஸ்கேனுக்குப் போகும்போது, "கருப்பை வாய் நீளம் பார்த்தீங்களா டாக்டர்?" என்று நாம்தான் ஒரு வார்த்தை கேட்டு வைக்க வேண்டும்.

கூச்சம் எதற்கு?

இந்த நீளத்தை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் துல்லியமாக அளக்க முடியாது. பிறப்புறுப்பு வழியாக, இரண்டு விரல் பருமனுள்ள ஒரு கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். 'உள் ஸ்கேன்' என்கிறார்கள். இதைக் கேட்டதும் மருமகள் முகம் சுருங்கிப் போனது. சம்பந்தியம்மாவோ, "ஐயையோ, ஏற்கெனவே தளர்ந்த இடம்னு சொல்றாங்க, அதுல போய்க் குத்திப் பார்த்தா என்னாவது?" என்று போனிலேயே அழுதுவிட்டார்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை, அதற்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இதனால் பிரசவ வலி வராது. சிறுநீரைக் கழித்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும். வயிற்று ஸ்கேனுக்குச் செய்வது போல வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கத் தேவையில்லை. ஐந்து, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புது உறை போடுகிறார்கள். பெண் ஒருத்தி கூட நிற்கலாம். நான் நின்றேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எந்த ஸ்கேனிலும் ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். கேட்பதற்கு அதைவிட முக்கியமான கேள்வி இருக்கிறது என்பதைத்தானே இத்தனை நேரம் சொல்லிக் கொண்டிருக்கிறேன்!

புரட்டாசி முதல் வாரம், கொள்ளிடப் பாலம் தாண்டித் திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போனோம். அப்போது 17 வாரம். அளவு 31 மில்லிமீட்டர். அப்பாடா என்றிருந்தது. "ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வாங்க" என்றார்கள். நல்லாத்தானே இருக்கு, எதற்கு இன்னொரு தடவை என்று இவர் முணுமுணுத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது 23.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மருமகள் என் தோளில் சாய்ந்து கொண்டு வந்தாள். "அத்தை, இதுவும் போயிடுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக் கொண்டேன்.

கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மருந்தின் பெயர் புரோஜெஸ்டிரோன். 200 மில்லிகிராம், தினமும் ராத்திரி ஒன்று. வாயில் போட்டு விழுங்க அல்ல, பிறப்புறுப்பில் உள்ளே வைத்துக் கொள்ள வேண்டும்.

இது நம் உடம்பில் இயற்கையாகவே சுரக்கும் ஹார்மோன்தான். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் சினைப்பையிலும், அப்புறம் நஞ்சுக்கொடியிலும் சுரக்கிறது. 1929-ல் அமெரிக்காவில் கார்னர், ஆலன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் முயல்களை வைத்து ஆராய்ந்து, சினைப்பையில் சுரக்கும் இந்தப் பொருள்தான் கர்ப்பத்தைத் தாங்குகிறது என்று காட்டினார்கள். 1934-ல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். கருப்பைத் தசையை, "இப்ப ஒண்ணும் அவசரமில்லை, சும்மா இரு" என்று அடக்கி வைப்பது இதன் வேலை. கருப்பை வாய் சீக்கிரம் பழுத்து இளகிவிடாமலும் பார்த்துக் கொள்கிறது. அதனால்தான் அந்த இடத்துக்கு அருகிலேயே வைக்கச் சொல்கிறார்கள்.

இது வெறும் நம்பிக்கையா, நிரூபணம் உண்டா என்று கேட்டேன். என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2007-ல் வெளியானது. 24,620 கர்ப்பிணிகளுக்குக் கருப்பை வாயை அளந்தார்கள். அதில் 413 பேருக்கு 15 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் இருந்தது. அவர்களில் சம்மதித்த 250 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ராத்திரி ராத்திரி இந்த மருந்தையும், மற்றதற்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரை வைத்துக் கொண்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கு 34 வாரத்துக்கு முன்னாலேயே பிரசவமானது. மருந்து வைத்துக் கொண்டவர்களில் அது நூற்றுக்கு 19 ஆகக் குறைந்தது. 2011-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில், 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருந்தவர்களுக்கு இதே ஹார்மோனைக் களிம்பாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 33 வாரத்துக்கு முந்தைய பிரசவம் நூற்றுக்கு 16-லிருந்து 9 ஆனது.

பாருங்கள், முழுக்க நின்றுவிடவில்லை. மருந்து வைத்தும் சிலருக்குக் குறைமாதமாகவே பிறந்திருக்கிறது. ஆனால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த ஆபத்து விலகியிருக்கிறது. "பாதிங்கறது சின்ன விஷயமா அத்தை?" என்றாள் அவள். எனக்கு 1997 ஞாபகம் வந்தது. சின்ன விஷயமில்லை.

வைத்துக் கொள்ளும் முறையும் பெரிய கம்பசூத்திரமல்ல. ராத்திரி வேலையெல்லாம் முடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, படுத்துக் கொண்டு, விரலால் முடிந்த அளவு உள்ளே தள்ளி வைக்க வேண்டும். அப்புறம் எழுந்து நடமாடாமல் தூங்கிவிட வேண்டும். காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் கசியும். அது மருந்தின் மிச்சம், பயப்பட வேண்டாம். தண்ணீராகக் கொட்டினாலோ, ரத்தம் கண்டாலோ, நாற்றம் வந்தாலோ மட்டும் உடனே காட்ட வேண்டும். சில கம்பெனி மாத்திரைகளில் கடலை எண்ணெய் சேர்ப்பார்களாம். நிலக்கடலை ஒத்துக் கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூடிவாழ்வது பற்றியும் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். முக்கியமாக, நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

எல்லோருக்கும் ஏற்றதல்ல

இதைப் படித்துவிட்டு, "என் பெண்ணுக்கும் ஒரு அட்டை வாங்கிடறேன்" என்று யாரும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இது சத்து டானிக் அல்ல. கருப்பை வாய் நீளம் சரியாக இருந்து, முன்னால் எந்தக் குறைப்பிரசவமும் ஆகாதவர்களுக்கு இதனால் லாபமில்லை. இரட்டைக் குழந்தை என்பதற்காக மட்டும் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் தெரியவில்லை. ரத்தக் கொதிப்பாலோ, குழந்தை வளராததாலோ டாக்டர்களே முன்கூட்டிப் பிரசவம் பார்க்க வேண்டி வருவதை இது தடுக்காது.

இதே வகை ஹார்மோனை வாரம் ஒரு ஊசியாகப் போடும் வழக்கமும் உண்டு. 2003-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு அந்த ஊசியால் பெரிய பலன் என்றது. 2019-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. 2023-ல் அமெரிக்க அரசு அந்த ஊசிக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. ஆகவே யாருக்கு, எது, எத்தனை நாள் என்பதை அளந்து பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டு நமக்கு உதவாது.

நம்மவர் போட்ட தையல்

மருந்து வைத்தும் நீளம் மேலும் குறைந்தால்? "தையல் போடலாம்" என்றார் டாக்டரம்மா. கருப்பை வாயைச் சுற்றிச் சுருக்குக் கயிறு மாதிரியே ஒரு தையல். இதை உலகத்துக்குக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் நம் நாட்டு டாக்டர் என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியம்! கோவாவில் 1899-ல் பிறந்து பம்பாயில் பணியாற்றிய டாக்டர் வி. என். ஷிரோத்கர்தான் அவர். தாயின் தொடையிலிருந்தே ஒரு நாடா போன்ற திசுவை எடுத்து அதைக் கொண்டு கட்டினார். 1955-ல் அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது நம் சென்னையிலிருந்து வந்து கொண்டிருந்த 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழில். 1957-ல் ஆஸ்திரேலியாவில் மெக்டொனால்டு என்ற டாக்டர் இன்னும் சுலபமான முறையைச் சொன்னார். இன்றைக்கும் இந்த இரண்டு பெயராலும் தையல் போடுகிறார்கள். 36, 37 வாரத்தில் பிரித்துவிடுவார்கள்.

மருமகளுக்குத் தையல் தேவைப்படவில்லை. 21 வாரத்தில் 22 மில்லிமீட்டர். 23 வாரத்திலும் 22. குறையவில்லை! அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவள் சிரித்தாளே, அதை இன்னும் மறக்கவில்லை.

படுத்தே கிடக்கணுமா?

சம்பந்தியம்மாவின் கட்டளை, "காலுக்குத் தலையணை வெச்சுப் படுத்தே இருக்கட்டும், பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிக்கட்டும்." நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. நாள் முழுக்கப் படுத்துக் கிடப்பதால் குறைப்பிரசவம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லையாம். காலில் ரத்தம் கட்டிக் கொள்வதும், உடம்பு தளர்வதும், மனசு சோர்வதும்தான் மிச்சம். கனம் தூக்க வேண்டாம், வயல் வேலை வேண்டாம். மற்றபடி சமைக்கலாம், நடக்கலாம், கோயிலுக்குப் போகலாம் என்றார். படுத்துக் கிடந்தால் கவலைதான் படுத்துக் கொண்டு கூடவே வரும் என்பது என் அனுபவமும்.

அடுத்த பிரச்சினை வளைகாப்பு. ஏழாம் மாசம் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. சம்பந்தி வீடு ஜெயங்கொண்டத்துக்கும் உள்ளே தள்ளி ஒரு கிராமம். "முறையை மாத்தினா ஊர் என்ன சொல்லும்?" என்று அவர்கள். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கமா இருக்கணும்னு சொல்லியிருக்காங்களே" என்று நாங்கள். நாலு நாள் போனில் மனஸ்தாபம். கடைசியில் நானே நேரில் போய் அவர்கள் கையைப் பிடித்துக் கொண்டு, 1997-ல் நடந்ததை முதல் தடவையாகச் சொன்னேன். அவர்களும் அழுதார்கள், நானும் அழுதேன். "அண்ணி, நீங்க சொல்றபடியே ஆகட்டும்" என்றார்கள். தை மாசம், ஒன்பதாம் மாசத்தில், எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு நடந்தது. ஐந்து வகைச் சாதமும் அவர்கள் கையால் கிளறி எடுத்து வந்தார்கள்.

கவனத்தில் வைக்க வேண்டியவை

டாக்டரம்மா சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டதைத் தொகுத்துத் தருகிறேன்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை: முன்னால் மாசம் குறைந்து பிறந்தது, நாலு மாசத்துக்கு மேல் கலைந்தது, கருப்பை வாயில் செய்த சிகிச்சை, இரட்டைக் கர்ப்பம், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, புகையிலைப் பழக்கம். முதல் குழந்தை பிறந்து ஒன்றரை வருஷத்துக்குள் மறுபடி உண்டானாலும் சொல்லுங்கள்.

தவறாமல் செய்ய வேண்டியவை: மூன்று மாசத்துக்குள் பதிவு செய்வது, ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை, சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் கிருமி இருந்து கவனிக்காமல் விட்டாலும் குறைப்பிரசவம் வரலாம். ஒவ்வொரு மாசமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென்று சிறப்புப் பரிசோதனை உண்டு. 2016-லிருந்து நடக்கிறது.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: விட்டு விட்டு வயிறு கல்லாக இறுகுவது, குறையாத இடுப்பு வலி, அடிவயிற்றில் கீழே அழுத்துவது போன்ற கனம், தண்ணீர் கசிவது, ரத்தம். பெருங்காயம் கரைத்துக் கொண்டு நிற்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்கே முதலில் போங்கள்: எங்கள் பக்கத்துக்கு அரியலூரில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும், தஞ்சாவூரில் ராசா மிராசுதார் மருத்துவமனையும் இருக்கின்றன. உங்கள் பக்கம் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

அப்படியும் முன்னாலேயே பிறந்துவிடும் போலிருந்தால்: 24 முதல் 34 வாரத்துக்குள் என்றால், குழந்தையின் நுரையீரல் பலப்படத் தாய்க்கு ஊசி போடுவார்கள். 12 மணிக்கு ஒன்றாக நாலு ஊசி. நியூசிலாந்து நாட்டில் லிக்கின்ஸ், ஹோவி என்ற டாக்டர்கள் 1972-ல் காட்டிய வழி இது. பிறந்த பிறகு குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தோலில் பட அணைத்து வைக்கும் 'கங்காரு' முறையும், சீம்பாலும் பெரிய மருந்து. எனக்கு இதில் ஒன்றுகூட அன்று கிடைக்கவில்லை. இன்று கிடைக்கிறது.

மாசி முதல் தேதி

36 வாரம் நிறைந்ததும் மருந்தை நிறுத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து நாள்காட்டியில் ஒவ்வொரு தாளாகக் கிழிப்பது மருமகள் வேலை. மாசி பிறந்த அன்று விடியற்காலையில், "அத்தை, வலிக்குது" என்று எழுப்பினாள். 37 வாரமும் மூன்று நாளும் ஆகியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது, ஆனால் பயமில்லை. நிதானமாக முகம் கழுவி, பையை எடுத்துக் கொண்டு கிளம்பினோம்.

மத்தியானம் பிறந்தது. சுகப்பிரசவம். 2 கிலோ 600 கிராம். பிறந்தவுடனே வார்டே கேட்கும்படி அழுதது. பெண் குழந்தை.

நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி முழுக்க நான் பார்த்துக் கொண்டிருந்த மூச்சு நினைவுக்கு வந்தது. இந்தக் குழந்தையின் மூச்சு பலமாக, சீராக இருந்தது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்து, "உங்க ஜாடை அண்ணி" என்றார்கள். ஒன்றும் சொல்லத் தோன்றாமல் நின்றேன்.

மருந்து வேலை செய்ததா, இயல்பாகவே நின்றதா என்று ஒரு தாயைப் பொறுத்தவரை யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்த மருந்துக்கே வழி இருந்திருக்காது. நான் அந்தப் பொய்யைத் திருத்தாமல் இருந்திருந்தால் அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது உண்டாகியிருந்தால், மருந்து மாத்திரைக்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். நர்ஸம்மா அட்டையை வைத்துக் கொண்டு, "முன்னாடி ஏதாவது கலைஞ்சிருக்கா?" என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.